ஒரே முந்திரிகை, இரண்டு போத்தல்: பழைய உலக வைனும் புதிய உலக வைனும்

தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். யாழ்ப்பாணம் நகரத்தில் ஒரு ஹோட்டலில் பரிமாறும் வேலை அவருக்கு. அத்தான் பாரிசிலிருந்து வரும்போது ஒரு சிவப்பு வைன் கொண்டுவந்திருக்கிறார். அதில் ‘சென் ஜோசேப்’ என்றும், செய்தவர் பெயரும், ஆண்டும்தான் இருக்கின்றன. என்ன பழம் என்று ஓரிடத்திலும் இல்லை. மெல்பேர்ன் மச்சான் கொண்டுவந்த போத்தலில் ‘பரோசா ஷிராஸ்’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. ஹோட்டலுக்கு வருகிற வெளிநாட்டுக்காரர் ‘ஓல்ட் வேர்ல்ட்’, ‘நியூ வேர்ல்ட்’ என்று பேசிக்கொள்கிறார்களாம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம், எது திறம், வீட்டில் ஆட்டிறைச்சிக் கறியோடு எதைத் திறப்பது என்பது கேள்வி.

நான் பாரிசில் பதினெட்டு வருடம் உணவகங்களில் வேலை செய்தேன். முதலில் கோப்பை கழுவினேன். பிறகு நிலவறையில் போத்தல் அடுக்கினேன். கடைசி ஒன்பது வருடமும் மேசைக்கு வைன் ஊற்றுகிற வேலைதான். அந்த அனுபவத்தில் நின்று சொல்கிறேன். முதலில் உங்கள் இரண்டு போத்தல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள் தம்பி, ஏனென்றால் இரண்டிலும் இருப்பது ஒரே முந்திரிகை, அதாவது ஒரே திராட்சைப் பழம்.

பிரான்சில் அதற்குச் சீரா என்று பெயர், அவுஸ்திரேலியாவில் ஷிராஸ். பரோசா என்பது அங்கே உள்ள ஒரு பள்ளத்தாக்கு. ஈரான் நாட்டு ஷிராஸ் நகரத்திலிருந்து வந்த கொடி என்று ஒரு கதை கனகாலமாக உலாவியது. 1998இல் மரபணுச் சோதனை செய்து பார்த்தபோது, பிரான்சின் தென்கிழக்கில் வளர்ந்த இரண்டு பழைய இனங்களின் பிள்ளைதான் அது என்று தெரிந்துவிட்டது. தாய் மொண்டூஸ் பிளான்ஷ் என்ற வெள்ளை இனம், தகப்பன் டூரேசா என்ற கறுப்பு இனம். ரோன் ஆற்றங்கரைதான் அதன் பிறந்த ஊர். சென் ஜோசேப் என்பது அதே ஆற்றின் வலது கரையோரச் சரிவுகளுக்கு உள்ள பெயர். அங்கே சிவப்பு வைன் என்றால் சீரா பழம்தான், பத்து வீதம் வரை வெள்ளை இனம் சேர்க்கலாம் என்று விதி இருக்கிறது. பிரெஞ்சுக்காரருக்கு அந்த ஊரின் பெயரைச் சொன்னாலே பழத்தின் பெயரும் சொன்னதாக ஆகிவிடும். அதனால்தான் லேபிளில் எழுதவில்லை.

எங்கள் ஊரிலும் இந்த இரண்டு பழக்கமும் உண்டு. திருநெல்வேலிச் சந்தையில் நின்று கேட்டுப் பாருங்கள். பலாப்பழத்துக்குச் சாவகச்சேரிப் பலா என்று ஊரைச் சொல்லி விற்பார்கள். மாம்பழத்துக்குக் கறுத்தக்கொழும்பான், வெள்ளைக்கொழும்பான், அம்பலவி என்று இனத்தைச் சொல்லி விற்பார்கள். சாவகச்சேரி என்றால் என்ன சுவை என்று வாங்குகிறவருக்கு முன்பே தெரியும். ஊரை அறியாத ஒருவருக்கு அந்தப் பெயர் ஒன்றும் சொல்லாது. அவருக்கு இனத்தின் பெயர்தான் உதவும். பழைய உலகம் ஊரைச் சொல்லி விற்றது, புதிய உலகம் இனத்தைச் சொல்லி விற்றது. மற்ற வித்தியாசங்களில் பாதி இதிலிருந்து கிளைத்தவை.

பழைய உலகம் என்று வைன்காரர் சொல்வது ஐரோப்பாவையும் மத்தியதரைக் கடலைச் சுற்றிய நாடுகளையும்: பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், போர்த்துக்கல், ஜெர்மனி, கிரேக்கம். ஜோர்ஜியாவையும் அதோடுதான் சேர்க்க வேண்டும். அங்கே கிடைத்த மட்பாண்டத் துண்டுகளில் ஏறக்குறைய 8000 ஆண்டுக்கு முந்திய வைன் படிவு இருந்தது. இன்றைக்கும் அங்கே க்வெவ்ரி என்கிற பெரிய மண்சாடியைக் கழுத்துவரை நிலத்தில் புதைத்து, பழத்தைத் தோல் விதையோடு போட்டு நொதிக்க விடுகிறார்கள். வெள்ளைப் பழத்தையும் தோலோடு விடுவதால் தேன் நிறத்தில், பிளேன்ரீ போன்ற துவர்ப்போடு வைன் வரும். 2013இல் யுனெஸ்கோ அந்த முறையை மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. நான் குடித்த வைன்களில் மண் என்ற சொல்லை நினைக்க வைத்தது அதுதான்.

புதிய உலகம் என்பது ஐரோப்பியர் கப்பலில் கொடி கொண்டுபோன இடங்கள்: அமெரிக்கா, சிலி, ஆர்ஜென்டினா, தென்னாபிரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து. ‘புதிய’ என்றதும் நேற்று முளைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தது 1658இல். அதே ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆள் யான் வான் ரீபேக், ஆபிரிக்காவின் தெற்கு முனையில் இருந்த அவர்களின் குடியேற்றத்தில், 1659 பெப்ரவரி 2ஆம் திகதி முதன்முதலாகப் பழம் பிழிந்து வைன் செய்ததைத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். கிழக்கே போகிற கப்பல்களுக்காகப் போட்ட தோட்டம் அது. தென்னாபிரிக்க வைனும் எங்கள் கோட்டையின் ஒல்லாந்தர் காலமும் ஒரே வயது.

சரி, ஐரோப்பாவில் ஊர்ப்பெயர் எப்படி இத்தனை பலம் பெற்றது? பிரான்சின் பர்கண்டிப் பகுதி நல்ல உதாரணம். நடுக்காலத்தில் சிஸ்டேர்சியன் துறவிகள் அங்கே மதில் கட்டித் தோட்டம் வைத்தார்கள். எங்கள் தோலகட்டியில் செபமாலைத் துறவிகள் முந்திரிகைப் பந்தல் போட்டு ரசமும் வைனும் செய்ததைப் பார்த்தவர்களுக்கு இது புதுமையாக இராது. துறவிகளிடம் அவசரம் இல்லை. ஒருவர் போனால் அடுத்தவர் வருவார், குறிப்பு அதே இடத்தில் இருக்கும். எந்தத் துண்டு நிலத்தில் பனி முதலில் உருகுகிறது, எந்த மூலைப் பழம் பிந்திப் பழுக்கிறது என்று நூற்றாண்டுக் கணக்காகப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் அங்கே ஒரு ஒழுங்கையைக் கடந்தால் போத்தலின் பெயர் மாறும், விலையும் மாறும். சிவப்பு என்றால் பினோ நுவார், வெள்ளை என்றால் ஷார்டொனே. பழம் ஒன்றுதான் என்பதால் அவர்களுக்கு நிலம்தான் பேச்சு.

பேர் இருந்தால் கள்ளப் பேரும் வரும். நல்ல ஊரின் பெயரை எங்கேயோ விளைந்த வைனுக்கு ஒட்டி விற்பது பெரிய தொல்லையாக இருந்தது. ரோன் பள்ளத்தாக்கின் தெற்கில் சாத்தோநெஃப் டு பாப் என்ற ஊரில், சட்டம் படித்த தோட்டக்காரர் பாரோன் லே ருவா 1923இல் ஒரு ஒழுங்கு எழுதினார். எந்த நிலம், எந்தெந்த இனம், எவ்வளவு மதுசாரம் என்றெல்லாம் அதில் வரையறுத்தார். அதை அடியொற்றி 1935இல் பிரான்ஸ் முழுவதற்கும் சட்டம் வந்தது. சென் ஜோசேப்புக்கு அந்தத் தகுதி 1956இல் கிடைத்தது. இத்தாலி 1963இல் தன் சட்டத்தைக் கொண்டுவந்தது. இந்தச் சட்டங்கள் எல்லையை மட்டும் காப்பதில்லை. என்ன கொடி நடலாம், ஏக்கருக்கு எவ்வளவு பறிக்கலாம், எப்படிக் கத்தரிக்கலாம் என்பதுவரை சொல்லும். நீர் பாய்ச்சுவதற்குக்கூட நீண்ட காலம் பிரான்சில் தடை இருந்தது. கிணற்றுப் பாசனத்தில் வளர்ந்த எங்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். வேர் தானாக ஆழம் தேடிப் போக வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

ஸ்பெயினின் ரியோகாவில் சட்டம் பொறுமையை அளந்து கொடுக்கிறது. சிவப்பு வைன் மரப்பீப்பாவில் குறைந்தது ஒரு வருடமும் மொத்தமாக இரண்டு வருடமும் இருந்தால் கிரியான்சா, மொத்தம் மூன்று வருடமானால் ரெசர்வா, ஐந்து வருடமானால் கிரான் ரெசர்வா. கடையில் வாங்கும்போதே ஒரு பகுதி காத்திருப்பை வேறொருவர் உங்களுக்காகச் செய்துவிட்டார் என்று அர்த்தம். காசு குறைவாக உள்ளவர்களுக்குப் பழுத்த வைன் என்றால் என்னவென்று அறிய நான் எப்போதும் ரியோகாவைத்தான் காட்டுவேன்.

பழைய உலகம் எல்லாம் ஊர்ப்பெயர்தான் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜெர்மனியிலும் பிரான்சின் அல்சாஸிலும் றீஸ்லிங் போன்ற இனப்பெயரை லேபிளில் போடுவது பழைய வழக்கம்.

அப்புறம் புதிய உலகம். குடியேறிகள் போன இடத்தில் துறவியின் குறிப்பு இல்லை, எந்த மேட்டில் எது விளையும் என்று சொல்ல ஆள் இல்லை. எல்லாவற்றையும் நட்டுப் பார்த்தார்கள். ஜேம்ஸ் பஸ்பி என்பவர் பிரான்சிலும் ஸ்பெயினிலும் சுற்றிச் சேர்த்த நூற்றுக்கணக்கான கொடித் தடிகள் 1832இல் சிட்னிக்கு வந்தன. சீராவும் அதில் இருந்தது. 1840களில் ஜெர்மன் மொழி பேசும் சைலீசியர் பரோசாப் பள்ளத்தாக்கில் குடியேறித் தோட்டம் போட்டார்கள். ஆரம்பத்தில் அவர்களும் ஐரோப்பிய ஊர்ப் பெயர்களைத்தான் கடன் வாங்கினார்கள். கலிஃபோர்னியாவில் எந்தச் சிவப்பையும் பர்கண்டி என்று விற்றார்கள். அவுஸ்திரேலியாவின் பேர்போன வைன் கிரேஞ்ச், 1951இல் மக்ஸ் ஷூபேர்ட் பரிசோதனையாகச் செய்தது. அதன் லேபிளில் 1989 விளைச்சல் வரை ‘கிரேஞ்ச் ஹேர்மித்தாஜ்’ என்றே இருந்தது. ஹேர்மித்தாஜ் எங்கே இருக்கிறது தெரியுமா? சென் ஜோசேப்புக்கு நேர் எதிரே, ரோன் ஆற்றின் மற்றக் கரையில். உங்கள் அத்தானின் போத்தலுக்கும் மச்சானின் போத்தலுக்கும் அந்த அளவுக்குச் சொந்தம்.

கடன் வாங்கிய பெயரை விட்டு இனத்தின் பெயரை எழுதத் தொடங்கியபோது, உலகம் முழுவதும் சாதாரண ஆட்கள் வைன் வாங்கத் துணிந்தார்கள். இது பெரிய காரியம் என்பது என் கருத்து. ஷார்டொனே, மெர்லோ, சோவினியோன் பிளாங் என்று நாலு பெயர் பாடமாக்கினால் போதும், கடையில் வெட்கப்படாமல் கேட்கலாம். அவுஸ்திரேலியாவில் இனப்பெயர் போட்டால் அதில் 85 வீதம் அந்தப் பழம் இருக்க வேண்டும். அமெரிக்காவில் 75 வீதம் போதும். ஆனால் என்ன நடுவது, எப்படி நீர் கொடுப்பது, எத்தனை மாதம் பீப்பாவில் வைப்பது என்பதெல்லாம் தோட்டக்காரர் விருப்பம். ஐரோப்பாவில் ஊரின் ஒழுங்கை நம்பி வாங்குகிறோம். புதிய உலகத்தில் செய்தவரின் கையை நம்பி வாங்குகிறோம்.

சரி, சுவைக்கு வருவோம். பாடப்புத்தகம் ஒன்று சொல்லும்: பழைய உலக வைன் மெலிந்தது, புளிப்புக் கூடியது, மண்ணும் இலையும் மணப்பது. புதிய உலக வைன் கொழுத்தது, பழம் பழுத்த மணம், மதுசாரம் கூடியது. உங்கள் இரண்டு போத்தலுக்கும் இது பொருந்தும். சென் ஜோசேப்பில் பெரும்பாலும் 13 வீதம் அளவில் இருக்கும். பரோசாவில் 14.5 என்று போட்டிருக்கும், எடுத்துப் பாருங்கள். முதலாவதில் மிளகு, ஒலிவ், புகை. இரண்டாவதில் நாவற்பழ ஜாம், சொக்கலேட், இனிப்பான கறுவா.

ஆனால் இந்த வித்தியாசத்தைச் செய்வது நாட்டின் வயதா? இங்கேதான் நான் பாடப்புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை. அதைச் செய்வது வெயில். வெயில் கூடினால் பழத்தில் சீனி ஏறும், புளி இறங்கும். நொதிக்கும்போது அந்தச் சீனிதான் மதுசாரமாகிறது. ஒரு லீற்றர் சாற்றில் ஏறக்குறைய 17 கிராம் சீனி இருந்தால் ஒரு வீத மதுசாரம். குளிரான சரிவில் பழம் மெதுவாகப் பழுக்கும், புளி தங்கும், மிளகு மணம் தங்கும். அந்த மிளகு மணத்துக்கு ரொட்டண்டோன் என்ற பொருள்தான் காரணம் என்று 2008இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்களே கண்டுபிடித்தார்கள். எங்கள் அடுப்படிக் கருமிளகில் இருப்பதும் அதே பொருள். குளிரான இடத்துச் சீராவில் அது கூட இருக்கும். அதனால் மெல்பேர்னிலிருந்து மேற்கே போய், கிராம்பியன்ஸ் மலையடியில் விளைந்த ஷிராஸைக் குடித்தால், ரோன் கரைக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். மச்சானிடம் அடுத்த முறை அதைக் கேளுங்கள்.

மறுபக்கமும் அப்படித்தான். இத்தாலியின் குதிகால் போல நீளும் பூலியாவில் பிரிமிதீவோ என்ற பழம், சுடும் வெயிலில் 14, 15 வீதம் வரை ஏறும். அது பழைய உலகம்தான், ஆனால் கண்ணை மூடிக் குடித்தால் கலிஃபோர்னியா என்று சொல்லிவிடுவீர்கள். சொல்வதிலும் பிழையில்லை, ஏனென்றால் கலிஃபோர்னியாவின் ஸின்பண்டலும் பிரிமிதீவோவும் ஒரே கொடி. நியூசிலாந்தின் சென்ட்ரல் ஒட்டாகோவோ தெற்கு அகலக்கோடு 45 பாகையில், பனிமலைகளுக்கு நடுவே இருக்கிறது. அங்கே பினோ நுவார் புளிப்போடும் மணத்தோடும் வரும். ஆர்ஜென்டினாவின் மென்டோசாவில் வெயில் பொல்லாதது. ஆனால் தோட்டங்கள் ஆயிரம் மீற்றர் உயரத்திலும் அதற்கு மேலும் இருப்பதால் இரவு குளிர்ந்துவிடும், அண்டீஸ் மலைப்பனி உருகிய நீர் வாய்க்காலில் வரும். பிரான்சின் கஹோரில் கறுத்து, கரடுமுரடாக, வாயைக் கட்டுகிற மால்பெக், அங்கே போய்ப் பட்டுப்போல ஆகிவிட்டது. ஆகவே தம்பி, விருந்தினர் பழைய உலகமா புதிய உலகமா என்று கேட்டால், நீங்கள் மனதுக்குள் கேட்க வேண்டிய கேள்வி இது: அந்தத் தோட்டம் சூடானதா, குளிரானதா?

செய்முறையிலும் இதே கதைதான். குளிர் நாட்டில் சீனி போதாமல் போகும். நெப்போலியனின் அமைச்சராக இருந்த சப்தால் பெயரால் வழங்கும் முறைப்படி, சாற்றில் சீனி சேர்க்கச் சட்டம் அனுமதிக்கும். அவுஸ்திரேலியாவில் அது கூடாது. அங்கே புளி போதாது என்பதால் டார்டாரிக் அமிலம் சேர்ப்பார்கள். புளியம்பழத்தின் புளிப்புக்குக் காரணமும் அதே அமிலம்தான். எங்கள் அம்மாமார் குழம்பு சப்பென்று இருந்தால் புளிக்கரைசல் விடுவதைப் போல என்று நினைத்துக்கொள்ளுங்கள், இதில் மோசடி ஒன்றும் இல்லை.

சாற்றை நொதிக்க வைக்கிற மதுவத்தை (யீஸ்ட்) பற்றியும் ஒரு சொல். பனையிலிருந்து முட்டி இறங்கும்போதே கள்ளு நொதிக்கத் தொடங்கியிருக்கும், யாரும் மதுவம் போடுவதில்லை. காற்றிலும் முட்டியிலும் இருப்பதே வேலை செய்கிறது. வேண்டாம் என்றால் சுண்ணாம்பு தடவிக் கருப்பநீராக எடுக்கிறோம். ஐரோப்பியத் தோட்டங்கள் பலவும் அப்படி இயற்கை மதுவத்தை நம்பியவை. பெரிய புதிய உலகக் கம்பனிகள் தெரிந்தெடுத்த மதுவத்தைப் போட்டு, துருப்பிடிக்காத உருக்குத் தொட்டியில் குளிரூட்டி, வருடா வருடம் ஒரே சுவை வரச் செய்தார்கள். தவறணையில் இன்றைக்குக் கள்ளு நல்லம், நாளைக்குப் புளிச்சல் என்று அனுபவப்பட்டவர்களுக்கு அந்த உறுதியின் அருமை தெரியும். பிளாவில் வாங்கிக் குடிக்கிற நல்ல கள்ளின் அருமையும் தெரியும். எனக்கு இரண்டும் வேண்டும்.

பீப்பாவின் கதை கொஞ்சம் வேறு. அமெரிக்க ஓக் மரம் தேங்காய், வனிலா வாசனையைத் தரும். பிரெஞ்சு ஓக் அடக்கமானது. அமெரிக்க ஓக்கைக் கூடப் பயன்படுத்தியது பரோசாவும் கலிஃபோர்னியாவும் மட்டுமென்று நினைத்தால் பிழை. பழைய உலக ரியோகா பரம்பரையாக நம்பியது அமெரிக்கப் பீப்பாவைத்தான். என் முதல் ரியோகாவை முகர்ந்தபோது எனக்கு அம்மா வறுத்த தேங்காய்ப்பூ ஞாபகம் வந்தது. என்னோடு வேலை செய்த பிரெஞ்சுப் பொடியன் அப்படி ஒரு வாசத்தை அறியான். நீங்கள் மேசையில் நின்று வைனைச் சொல்லும்போது, புத்தகத்தில் உள்ள பழங்களைத்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. உங்கள் மூக்கு அறிந்த வாசனையைச் சொல்லுங்கள்.

பழையது, புதியது என்ற பெயர்களை முழுதாகக் குழப்பிவிட்ட ஒரு பூச்சி உண்டு. ஃபிலொக்சேரா என்கிற நுண்ணிய பூச்சி அமெரிக்காவிலிருந்து கொடிகளோடு வந்து, 1860களில் தெற்குப் பிரான்சில் தொடங்கி, ஐரோப்பாவின் கொடிகளை வேரிலேயே தின்று தீர்த்தது. கடைசியில் அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டித்தான் தப்பினார்கள். மாங்கன்று ஒட்டுகிற அதே வேலை. இன்றைக்குப் பிரான்சில் நிற்கிற கொடிகளில் மிகப் பெரும்பாலானவை ஒட்டுக் கொடிகள். தெற்கு அவுஸ்திரேலியாவுக்கு அந்தப் பூச்சி போகவில்லை. 1843இல் நட்ட ஷிராஸ் கொடிகள் பரோசாவில் இன்றும் தங்கள் சொந்த வேரில் நின்று காய்க்கின்றன. அங்கே 125 வயது தாண்டிய கொடிகளுக்கு மூதாதைக் கொடி என்று தனித் தகுதிப்பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதாவது சீராவின் பழைய கொடிகளைப் பார்க்க வேண்டுமென்றால், புதிய உலகத்துக்குப் போக வேண்டும்.

சிலிக்கும் அந்தப் பூச்சி போகவில்லை. அங்கே மெர்லோ என்று பல காலம் விற்ற கொடிகளில் ஒரு பகுதி பிந்திப் பழுத்துக்கொண்டே இருந்தது. 1994இல் பிரெஞ்சுக் கொடி ஆய்வாளர் புர்சிக்கோ தோட்டத்தில் நின்று பார்த்து, அது பிரான்சின் பேர்போன வைன் பகுதியான பொர்தோவில் ஏறக்குறைய மறைந்துபோயிருந்த கார்மெனேர் என்று சொன்னார். தாய்நாட்டில் அழிந்ததைக் குடியேற்ற நாடு காப்பாற்றி வைத்திருந்தது. புலம்பெயர்ந்த வீடுகளில் எங்கள் பழைய சொற்கள் சில உயிரோடு இருப்பதைக் கேட்டவர்களுக்கு இது விளங்கும்.

எது திறம் என்பதற்குப் பலர் 1976ஆம் ஆண்டுப் பாரிஸ் சோதனையைக் காட்டுவார்கள். மே 24ஆம் திகதி, ஸ்டீவன் ஸ்பரியர் என்ற வைன் வியாபாரி ஒன்பது பிரெஞ்சு நடுவர்களுக்கு லேபிளை மறைத்து ஊற்றினார். சிவப்பில் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப், வெள்ளையில் ஷாத்தோ மொன்டெலேனா, இரண்டும் 1973 விளைச்சல், முதலிடம் பெற்றன. பொர்தோவின் பெரிய பெயர்கள் பின்னுக்குப் போயின. ஒரு நாள் சுவைப்பை வைத்து எவர் மேல் என்று நான் முடிவு கட்டமாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு யாரும் புதிய உலகத்தை ஒதுக்க முடியவில்லை, ஐரோப்பியரும் அங்கே போய்க் கற்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே இத்தாலியின் டஸ்கனியில் ஸாஸிக்காயா என்ற வைன், ஊர்ச் சட்டத்தைப் புறக்கணித்துக் கபெர்னே சோவினியோன் பழத்தில் செய்து 1968 விளைச்சலிலிருந்து விற்கப்பட்டது. சட்டப்படி அது வெறும் மேசை வைன், விலையோ வானத்தில். 1994இல் சட்டமே இறங்கிவந்து அதற்கு இடம் கொடுத்தது.

இப்போது வெயிலே இடம் மாறுகிறது. பர்கண்டியின் போன் நகரத்தில் 1354இலிருந்து அறுவடை தொடங்கிய நாட்கள் பதிவில் இருக்கின்றன. 1988க்குப் பிறகு, அதற்கு முந்திய நூற்றாண்டுகளின் சராசரியைவிட ஏறக்குறைய பதின்மூன்று நாள் முந்திப் பறிக்கிறார்கள். பொர்தோவில் 2021இல் போர்த்துக்கல்லின் துரீகா நசியோனால் உள்ளிட்ட புதிய இனங்களைச் சோதனையாகச் சேர்க்க அனுமதி கிடைத்தது. ஷம்பாஞ் தயாரிப்பாளர் ஒருவர் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் நிலம் வாங்கி நட்டிருக்கிறார். பழைய உலகம் தன் விதிகளைத் திருத்துகிறது. புதிய உலகமோ குளிரான மேடுகளைத் தேடி, துண்டு துண்டாக நிலத்துக்குப் பெயர் வைக்கிறது, அந்தத் துறவிகள் செய்ததைப் போல.

நிலம் என்றதும் நெஞ்சில் கிடக்கிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தெற்கு அவுஸ்திரேலியாவில் கூனவாரா என்று ஓர் இடம். மேலே சிவந்த மண், கீழே சுண்ணாம்புக் கல். அந்த ஒடுங்கிய செம்மண் துண்டில் விளைகிற கபெர்னே சோவினியோனுக்கு உலகம் முழுவதும் மதிப்பு. அந்த நிலத்தின் படத்தை முதன்முதல் பார்த்தபோது நான் கோப்பாய், நீர்வேலி என்றே நினைத்தேன். எங்களுக்கும் மேலே செம்மண், கீழே சுண்ணாம்புக் கல்தானே. வித்தியாசம் குளிர்காலம். அங்கே கொடி இலையுதிர்த்து நித்திரை கொள்ளும். இங்கே அதற்கு நித்திரை கிடையாது. கத்தரிக்கும் போதெல்லாம் துளிர்த்து, வருடத்தில் இரண்டு முறை, கவனித்தால் அதற்கு மேலும் காய்க்கும். சாப்பிடும் பழத்துக்கு அது வரம். வைனுக்குப் புளியும் மணமும் மெதுவாகச் சேர வேண்டும், அதற்கு நேரம் போதாது. இந்தியாவின் நாசிக்கில் இரண்டு முறை கத்தரித்து, குளிர் மாதங்களில் பழுக்கவிட்டு, ஒருமுறை மட்டும் அறுவடை எடுத்து வைன் செய்கிறார்கள். அது வடக்கு அகலக்கோடு 20 பாகையில் இருக்கிறது, மேட்டுநிலம். நாங்கள் பத்துப் பாகைக்கும் கீழே, கடல்மட்டத்தில். ஆனாலும் அந்தச் செம்மண்ணைக் கையில் எடுக்கும்போது எனக்கு ஒரு பெருமை வருவதை மறைக்க மாட்டேன்.

கடைசிக் கேள்வி, ஆட்டிறைச்சிக் கறி. மதுசாரம் மிளகாயின் எரிவைக் கூட்டும், சிவப்பு வைனின் துவர்ப்பும் உறைப்போடு சேர்ந்தால் கடுக்கும். யாழ்ப்பாணத்துக் கறித்தூள் போட்டுப் பிரட்டிய இறைச்சிக்கு 14.5 வீத பரோசா என்றால் வாயில் நெருப்புத்தான். சென் ஜோசேப்பின் மிளகும் புளிப்பும் கொஞ்சம் இணங்கிப் போகும், உறைப்பைக் குறைத்துச் சமைத்தால் நன்றாகவே போகும். பரோசாவை உறைப்பில்லாமல் மிளகு போட்டு நெருப்பில் வாட்டிய இறைச்சிக்கு வையுங்கள். நண்டுக்கறி, கணவாய்க்கறி என்றால் இரண்டும் வேண்டாம். ஜெர்மனியின் மோசல் ஆற்றுச் சரிவில் விளைந்த, 8, 9 வீத மதுசாரமும் மெல்லிய இனிப்பும் உள்ள றீஸ்லிங் கபினெட்தான் சரி. ஹோட்டலில் உறைப்புக் கேட்கிற விருந்தினருக்கு அதைச் சொல்லிப் பாருங்கள், மறுமுறை வரும்போது உங்களைத் தேடுவார்.

இன்னும் ஒன்று. சிவப்பு வைனை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்று ஹோட்டலில் சொல்லித் தந்திருப்பார்கள். அது ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு அறை, 16 முதல் 18 பாகை செல்சியஸ். எங்கள் அறை 30க்கு மேல். அந்தச் சூட்டில் மதுசாரம்தான் மூக்கில் அடிக்கும். இரண்டு போத்தலையும் அரை மணித்தியாலம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுங்கள். அலுமாரிக்கு மேலே நிற்க வைத்திருந்தால் இன்றைக்கே இறக்கிவிடுங்கள், திறக்கும் நாள்வரை பெட்டியின் கீழ்த் தட்டில் சரித்துக் கிடக்கட்டும். இரண்டையும் ஒரே இரவில் திறப்பதானால் சென் ஜோசேப்பை முதலில் ஊற்றுங்கள், பரோசாவைப் பிறகு. மாறி ஊற்றினால் அத்தானின் வைன் தண்ணீர் மாதிரித் தோன்றும். மிஞ்சினால் மூடிப் பெட்டியில் வையுங்கள், இரண்டு மூன்று நாள் நிற்கும்.